நாப்பத்தாறு நாள் கொழுந்து

யேசுரத்தினத்தப் பத்திப் பேசணும்னா அவரு பைக்கப் பத்தித்தான் பேசணும். மனுசன்கிட்ட பேச வேற ஒண்ணும் இல்ல. பதுளையில எனக்கு மோட்டார் சைக்கிள் சாமான் கடை. இருபது வருசத்துக்கு மேலா என் கடைக்கு வாறாரு. ஒரு பல்பு வாங்குவாரு, இல்ல ஒரு கேபிள் வாங்குவாரு. அதுக்கு ஒரு மணித்தியாலம் கதை. அத்தனையும் ஒரே கதைதான்: அது தொரை ஓட்டின பைக்.

மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல வாச்சர் வேலை பாத்தவரு. தொண்ணூத்தெட்டுல ஒரு சின்னத் தொரை, அதான் உதவி மனேஜர், மாத்தலாகிப் போகையில தன்னோட பழைய ஹொண்டாவ இவரு தலையில கட்டிட்டுப் போயிட்டாரு. அன்னையிலருந்து இவருக்கு நடை மறந்துபோச்சு. லயத்து வீட்டுலருந்து தண்ணிப் பீலி முந்நூறு அடிதான் இருக்கும், அங்க பல்லு விளக்கப் போறதுக்கும் பைக்குதான். "றஹீம் நானா, தொரை உக்காந்த சீட்டு இது, இன்னும் கிழியல பாருங்க"ம்பாரு. அடேயப்பா! அந்தத் தொரைக்கு இந்தச் சீட்டும் ஞாபகமிருக்காது, இவரு மூஞ்சியும் ஞாபகமிருக்காது.

சம்சாரம் செசிலி அதே தோட்டத்துல கொழுந்து எடுக்குறவ. ஒரே மக சஜீவனி. செசிலிக்கு வலி கண்ட அன்னைக்குக் கூட இந்த மகராசன் பைக்க எடுக்கல. வயித்துப்பிள்ளைக்காரி ஏறினா பின் ஸ்பிரிங் தாழ்ந்துருமாம். பிள்ள கொழுந்து லொறியில பொறந்துச்சு. இதை அவரே என் கடையில நின்னு சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. என்ன செய்ய, யாவாரம். பல்ப சுத்திக் குடுத்தேன்.

வெளிநாட்டு வாகனம் வாறது நின்னுபோன காலத்துல பழைய பைக்குக்கெல்லாம் கிறுக்குப் பிடிச்ச விலை. பண்டாரவளையிலருந்து ஒரு ஆள் வந்து ரெண்டே முக்கால் லட்சம் எண்ணி வைக்க நின்னான். சஜீவனி கெஞ்சினா: "அப்பா, குடுத்திருங்கப்பா, ஒரு பழைய ஸ்கூட்டி வாங்கலாம், நானும் ஓட்டிப் பழகிக்கிறேன்." ஐயா என்ன சொன்னாரு தெரியுமா? "தொரை பைக்க வித்துட்டுப் பொம்பளப்பிள்ள வண்டி வாங்குறதா?" தொரையாம் தொரை! வித்திருந்தா நான் இன்னைக்கு இதைச் சொல்ல வேண்டி வந்திருக்காது.

போன வருசம் அது புகை கக்க ஆரம்பிச்சிருச்சு. ஒரு போத்தல் எண்ணெய் ஊத்தினா ஒரு கிழமைதான். ஏத்தத்துல இவரு பைக்க உருட்டுறாரா, பைக்கு இவர உருட்டுதான்னு தெரியாது. அந்த நேரம் பாத்துத்தான் சஜீவனிக்கு வேலைக் கடிதம் வந்துச்சு. மலைக்கு அந்தப் பக்கம், பதினோரு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு தோட்டத்துல முன்பள்ளி டீச்சர் வேலை. திங்கக்கிழமை காலையில எட்டு மணிக்கு வந்து கையெழுத்து வைக்கணும், வரலேன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும்னு கடிதத்துலயே போட்டிருந்துச்சு. அந்த ரோட்டுல முதல் பஸ் ஒன்பது மணிக்குத்தான். ஆக, அப்பன் பைக்குதான் ஒரே வழி.

தாயும் தகப்பனும் பைக்க லொறியில போட்டுக் கொண்டுவந்தாங்க. கடைக்குப் பின்னால என் மச்சான் மிப்ரான் பட்டறை வச்சிருக்கான். அவன் எஞ்சின இறக்கிப் பிரிச்சுட்டு என்னைக் கூப்பிட்டான். உள்ளுக்குள்ள ஒண்ணும் மிச்சமில்ல. பிஸ்டன் கீறல் கீறலா கிடக்கு, சிலிண்டர் தேஞ்சு ஓவல் ஆயிருச்சு, கிராங்க் பிடிச்சு ஆட்டினா ஆடுது. சிலிண்டர கடைஞ்சு புது பிஸ்டன், ரிங், வால்வு, செயின் எல்லாம் போட்டு, கூலியோட அறுவத்தீராயிரத்து நூறு. யேசுரத்தினம் உடனே நெஞ்ச நிமித்திக்கிட்டு, "சாமான் எல்லாம் ஜப்பான்தான் வேணும் நானா, தொரை பைக்கு"ன்னாரு. குடுக்கப் போறது இவரா? செசிலி சீட்டுக் கட்டிச் சேத்த காசு.

செசிலி வாய்க்குள்ள கணக்குப் போட்டா. தோட்டத்துல ஒரு நாள் சம்பளத்தப் பேருன்னுதான் சொல்லுவாங்க. கொழுந்து குறைஞ்சா அரைப் பேரு. "நாப்பத்தாறு முழுப் பேரு நானா"ன்னா. "நாப்பத்தாறு நாள் அட்டை கடிக்கக் கடிக்க நின்னு எடுத்த கொழுந்து. வேற எதுக்குக் கேட்டிருந்தாலும் ஒரு சதம் குடுக்க மாட்டேன். பிள்ள வேலைக்குப் போகணும்." அவ சீலைத் தலைப்புல முடிஞ்சிருந்த காச எடுத்து மேசையில வச்சா. யேசுரத்தினம் அந்த நேரம் பைக்கு சீட்டத் துடைச்சுக்கிட்டு இருந்தாரு.

வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சுச்சு. மிப்ரான் அவர நிக்க வச்சுப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னான். "அண்ணே, புது பிஸ்டன். ஐநூறு கிலோமீட்டர் போற வரைக்கும் கவனம். முறுக்காதீங்க. அதே மாதிரி ஃபர்ஸ்ட் கியர்ல ஊர்ந்துக்கிட்டும் போகாதீங்க. இதுக்குக் காத்துப் படணும், காத்துப் படலேன்னா சூடேறி இறுகிரும். ஞாயித்துக்கிழமை உங்க பெருநாளுக்கு மட்டும் இதை எடுத்திராதீங்க." யேசுரத்தினம் சிரிச்சாரு. "தம்பி, நீங்க பொறக்க முன்னமே நான் இதை ஓட்டுறேன்"னாரு. சரி, சொல்றவன் கிறுக்கன், கேக்குறவர் மேதை!

அவங்க தோட்டத்துக் கோயில்ல வருசா வருசம் அந்தோனியார் பெருநாள். சுரூபத்தத் தோள்ல தூக்கிக்கிட்டு தோட்டத்து நாலு டிவிசனும் சுத்தி வருவாங்க. முன்னுக்கு ஸ்பீக்கர் கட்டின பைக். இருபத்தாறு வருசமா அந்த இடம் யேசுரத்தினத்துக்கு. செசிலி என்னை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தா, எனக்காகத் தனிச் சட்டியில மரக்கறி ஆக்கி வச்சிருந்தா. மிப்ரானுக்கு வேலை; நான் மட்டும் பஸ்ஸுல போனேன். போய் இறங்கினா, ஐயா வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு பைக்குல உக்காந்திருக்காரு. பின்னால ரெண்டு ஹோன் ஸ்பீக்கர், ஒரு லொறி பெற்றரி, ஹேண்டில் முழுக்க சாமந்திப்பூ.

"என்னய்யா இது? மிப்ரான் படிச்சுப் படிச்சுச் சொன்னானே!"ன்னேன்.

"மெதுவாத்தானே நானா போறேன். அந்தோனியாரு பாத்துக்குவாரு. வேற ஒருத்தன் ஸ்கூட்டியில ஸ்பீக்கர் கட்டவா? சிரிக்க மாட்டாங்க?"

ஒன்றரை மணித்தியாலம். ஏத்தத்துல, ஃபர்ஸ்ட் கியர்ல, ஆள் நடக்குற வேகத்துல. ஒவ்வொரு லயத்து வாசல்லயும் மெழுகுதிரி கொளுத்தி முடியிற வரைக்கும் நிப்பாங்க. இவரு எஞ்சின அணைக்காம உறுமிக்கிட்டே இருப்பாரு, எல்லாருக்கும் கேக்கணுமாம். நான் ரோட்டோரமா கூடவே நடந்தேன், சஜீவனி மெழுகுதிரியோட எனக்கு முன்னால நடந்தா. மேல் டிவிசன் திருப்பத்துல சத்தம் மாறிச்சு. முதல்ல டிக் டிக்குன்னு சின்னதா, பிறகு இரும்ப அரைக்கிற மாதிரி. காஞ்ச எண்ணெய் வாடை வேற. சாமான் விக்கிறவனுக்கு இது தெரியாமப் போகுமா? இன்னும் நாலு நிமிசம்கூடத் தாங்காதுன்னு எனக்குத் தெரியும். ரெண்டு எட்டு வச்சுச் சாவியத் திருப்பி அரை மணித்தியாலம் ஆற விட்டிருந்தாப் போதும்.

நான் கையக் கட்டிக்கிட்டு நின்னேன். பட்டாத்தான் புத்தி வரும், படட்டும்னு நின்னேன். சொல்ல வெக்கமா இருக்கு, உள்ளுக்குள்ள எனக்குச் சந்தோசமாக் கூட இருந்துச்சு.

மருந்துச்சாலைக்குப் பக்கத்துல எஞ்சின் இறுகி, பின் சில்லும் சுத்தாமப் பிடிச்சுக்கிச்சு. பைக்கு சரிஞ்சு ஸ்பீக்கர் தண்ணிக் கானுக்குள்ள விழுந்துச்சு, பாட்டு நின்னுபோச்சு. சுரூபம் தூக்கினவங்க தடுமாறி ஒரு மாதிரி நின்னுக்கிட்டாங்க. யேசுரத்தினம் எழும்பி, சட்டையத் தட்டிக்கிட்டு, ஊரே கேக்க என்னைப் பாத்து, "டூப்ளிகேட் பிஸ்டன் குடுத்துட்டீங்களே நானா!"ன்னாரு.

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். எனக்கு வந்துச்சே கோவம்! "பிஸ்டன் ஜப்பான்தான்யா, ஓட்டுன மண்டைதான் டூப்ளிகேட்! தொரை சீட்டுல குந்திட்டா தொரை ஆயிருவியா? பொண்டாட்டி நாப்பத்தாறு நாள் நனைஞ்சு சேத்தத ஒன்றரை மணித்தியாலத்துல கொளுத்திட்டியே!" சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. செசிலி சிரிக்கல. "நாளைக்குப் பிள்ளைக்கு?"ன்னு மட்டும் கேட்டா. "ஓட்டோ பேசியாச்சு, பேசியாச்சு"ன்னாரு அவரு. நான் நாலு மணி பஸ்ஸ பிடிச்சேன். வழி முழுக்க, சொன்னதவிட இன்னும் நல்லா என்னென்ன சொல்லியிருக்கலாம்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன்.

மறுநாள் விடியக்காலையில பாத்தா, ஓட்டோக்காரன் பெருநாள் தண்ணியப் போட்டுட்டுக் கிடந்தான். அஞ்சரை மணி வரைக்கும் கதவத் தட்டிப் பாத்துட்டு, தாயும் மகளும் மழையோட நடக்கத் தொடங்கியிருக்காங்க. போய்ச் சேரையில ஒன்பதுக்குக் கால் மணித்தியாலம் இருந்துச்சாம். அடுத்த பிள்ள கையெழுத்து வச்சிட்டு, சின்னப் பிள்ளைகள வட்டமா உக்கார வச்சிருந்துச்சாம். செசிலிக்கு அன்னைக்கு அரைப் பேரும் இல்ல.

ரெண்டு கிழமை கழிச்சு சஜீவனி கடைக்கு வந்தா. பதுளையில ஒரு புடவைக் கடையில விக்கிற வேலைக்குச் சேந்திருக்கா, மாசச் சம்பளத்துல பாதி தங்குற இடத்துக்கே போயிரும். அவள உக்கார வச்சு டீ வாங்கிக் குடுத்து, அவ அப்பன நான் ஒரு பிடி பிடிச்சேன். மூளையில்லாத மனுசன், வீம்புக்காரன், பிள்ள வாயில மண்ணப் போட்டவன்னு அடுக்கிக்கிட்டே போனேன். அவ டீயக் குடிச்சு முடிச்சா.

"அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது மாமா, அது எங்களுக்குத் தெரிஞ்சதுதான்"னா. "மேல் டிவிசன் திருப்பத்துல சத்தம் மாறினது எனக்கே கேட்டுச்சு. நான் உங்களத்தான் திரும்பிப் பாத்தேன். நீங்க கையக் கட்டிக்கிட்டு நின்னீங்க. அதனால பயப்பட ஒண்ணும் இல்லன்னு நினைச்சேன். உங்களுக்குக் கேக்கலையா மாமா?"

"கேட்டுச்சு மகள்"னேன்.

அவ கிளாச மேசையில வச்சிட்டு வேலைக்குப் போனா.