எல்லோருக்கும் போகும் குரல்

அவளைச் சுற்றுவட்டாரத்தில் 'மழையக்கா' என்றுதான் சொன்னார்கள். முகம் யாருக்கும் தெரியாது, குரல்தான் தெரியும். விடிந்ததும் விவசாயிகளின் கைப்பேசி மணி அடிக்கும். எடுத்தால் ஒரு நிமிடம் அவள் பேசுவாள். இன்றைக்கு மருந்து அடிக்கலாமா, காய வைத்ததை அள்ளி உள்ளே வைக்க வேண்டுமா, மேகம் எந்தப் பக்கம் திரண்டிருக்கிறது. சொல்லி முடித்ததும் இணைப்பு தானாகவே அறுந்துவிடும். யாரும் திருப்பிப் பேச முடியாது.

அவள் வேலை பார்த்த அறை, வேளாண்மை அலுவலகத்தின் பின்பக்கம். முன்பு உர மூட்டை அடுக்கி வைத்த இடம். எத்தனை தடவை கழுவி விட்டாலும் அந்த வாடை சுவரை விட்டுப் போகவில்லை. வெளிச்சத்தம் வராமலிருக்க ஜன்னல்களைப் பழைய மெத்தைகளால் அடைத்திருந்தார்கள். பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். அதன் கடகட சத்தமும் பதிவாகிவிடும். கோடையில் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வெளியே வந்தால், மழையில் நனைந்தவள் மாதிரி அவள்தான் இருப்பாள்.

பேச வேண்டியதை எழுதிக் கொடுப்பவர் மேலதிகாரி. நல்ல மனிதர், படித்த படிப்புக்கு வேறு எங்கோ இருக்க வேண்டியவர். அலுவலகத்தில் அவருக்கு 'சதவீதம்' என்று பெயர். "டீ குடிக்க வர்றீங்களா சார்?" என்று கேட்டால், "எழுபது சதவீதம் வாய்ப்பிருக்கு" என்பார். சிரிக்காமல் சொல்வார், அதுதான் வேடிக்கை.

ஆரம்பத்தில் அவர் எழுதியதை எழுதியபடியே வாசித்தாள். 'பருவமழையின் காலப்பரவலில் ஏற்பட்டு வரும் பிறழ்வு காரணமாக' என்று தொடங்கும்போதே பாதிப் பேர் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். மீதிப் பேர் ஏதோ வங்கிக் கடன் விளம்பரம் என்று நினைத்துக்கொள்வார்கள். அவளுக்கு அது பெரிய கவலையாக இல்லை. கொடுத்த தாளை வாசித்தோம், கையெழுத்துப் போட்டோம், வீட்டுக்குப் போனோம் என்றுதான் இருந்தாள். அண்ணன் கூப்பிட்ட அந்தக் காலை வரைக்கும்.

அண்ணன் அவளுக்கு ரொம்ப மூத்தவன். அப்பா போனபோது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அவன் நிலத்தில் இருந்தான். அதன்பிறகு இரண்டு பேரும் அவரவர் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டார்கள். அவள் மேலே மேலே படித்தாள். அவன் மானாவாரி நிலத்தில், மழையை மட்டும் நம்பி, கடலை போட்டுக்கொண்டிருந்தான். அவளைக் 'குட்டி' என்றுதான் கூப்பிடுவான். கல்யாணமாகி, காதோரம் நரை எட்டிப் பார்த்த பிறகும் குட்டிதான். ஆனால் எந்த விஷயத்திலும் அவளிடம் யோசனை கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதுமில்லை.

அன்றைக்குக் கேட்டான்.

"குட்டி, முதல் மழை பெய்ஞ்சிருச்சு. மண்ணு நல்லா ஈரமா இருக்கு. ஆனா இப்பல்லாம் இதை நம்ப முடியல. பின்னாடியே அடுத்தது வருமா? நீ சொல்லு, விதைக்கிறேன்."

அவள் கையில் அன்றைய தாள் இருந்தது. அடுத்த மழைக்கு வாய்ப்பு நூற்றுக்கு அறுபது என்று சதவீதம் எழுதியிருந்தார். அதை அப்படியே படித்துக் காட்டியிருக்கலாம். ஆனால் அண்ணன் கேட்கிறான். தன்னிடம் கேட்கிறான். மனசு நிரம்பி வழிந்ததில் நாக்கு முந்திக்கொண்டது.

"தாராளமா விதைண்ணா. மழை வருது."

"நீ சொன்னா சரி" என்று வைத்துவிட்டான்.

மழை வந்தது; பக்கத்து வட்டாரத்துக்கு. அண்ணன் நிலத்துக்கு மேலே மேகம் கூடியது, இருட்டியது, காற்று எழும்பி அதைத் தள்ளிக்கொண்டு போனது. முதல் ஈரத்தில் முளைவிட்ட பயிர் வெயிலில் தலை சாய்ந்தது. விதைக் கடலை மொத்தமும் மண்ணோடு மண்ணானது. அதைவிடப் பெரிய சங்கதி, அவன் ஊரெல்லாம் சொல்லியிருந்தான். "என் தங்கச்சி ஆபீஸ்லேருந்தே சொல்லிட்டா, தைரியமா இறங்குங்க" என்று. அவனை நம்பி அக்கம்பக்கத்து நிலக்காரர்களும் விதைத்திருந்தார்கள்.

அவள் பதறிப் போய்ப் பேசினாள். அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள்.

"விடு. மழை உன் கையிலயா இருக்கு?" என்றான். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவன் அவளோடு பேசவில்லை.

கைப்பேசியில் கூப்பிட்டால் அண்ணிதான் எடுப்பாள். "காட்டுல இருக்காரு" என்பாள். காலையிலும் காட்டில், மத்தியானமும் காட்டில். ஒரு விடுமுறை நாளில் நேரிலேயே போனாள். இவள் முன்வாசலில் செருப்பைக் கழற்றும்போது பின்வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கடைசிப் பேருந்துக்கு நேரமாகும்வரை உட்கார்ந்திருந்தாள். அவன் திரும்பவில்லை.

"கோபம்னு இல்லம்மா" என்றாள் அண்ணி, வழியனுப்ப வந்தபோது. "ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு பேசிட்டாங்க. உன்னைப் பார்த்தா அதெல்லாம் ஞாபகம் வருது போல. எனக்கும் வாயைத் திறந்து சொல்ல மாட்டேங்கிறாரு."

அவள் கணவன் கார் ஓட்டக் கற்றுக் கொடுப்பவன். எதையும் வண்டிக் கணக்கில்தான் பேசுவான். "உங்கண்ணன் முன்னால மட்டும் ஓட்டத் தெரிஞ்ச ஆளு. ரிவர்ஸ் எடுக்கத் தெரியல. அதுக்காக வண்டியை வித்துட முடியுமா? நீ ஹார்ன் அடிச்சுக்கிட்டே இரு, ஒரு நாள் ஒதுங்குவாரு." அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கியது.

அண்ணன் எண்ணைச் செய்தி போகும் எண்களோடு சேர்த்து வைத்தவளே அவள்தான். அதனால் ஒன்று மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது: காலையில் அந்தக் கைப்பேசியும் அடிக்கிறது. எடுக்கிறானா, காதில் வைக்கிறானா, அலுவலக எண்ணைப் பார்த்ததும் துண்டிக்கிறானா, தெரியாது. கேட்டுச் சொல்லும்படி அண்ணியிடம் கேட்கவும் வாய் வரவில்லை.

அப்போதிருந்துதான் அவள் பேசும் விதம் மாறியது. திட்டம் போட்டு மாற்றவில்லை. மெத்தை அடைத்த அறையில் ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்தால், எதிரே அவன் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். அவனிடம் போய்க் 'காலப்பரவலில் பிறழ்வு' என்று சொல்ல முடியுமா? எழுந்து போய்விடுவான்.

"முன்னெல்லாம் முதல் மழை வந்தா, கைபிடிச்சு அடுத்ததையும் கூட்டிட்டு வரும்" என்று ஒரு நாள் பேசினாள். "இப்ப தனியா வந்து எட்டிப் பார்த்துட்டு, சொல்லாம கொள்ளாம போயிடுது. காத்து மாறிடுச்சு, கடல் சூடாயிடுச்சு. பருவம் பழைய இடத்துல இல்ல. உங்க கணக்கு தப்பில்லைங்க, மழைதான் கணக்கை மாத்திக்கிச்சு. அதனால முதல் ஈரத்தைப் பார்த்து அவசரப்பட வேண்டாம். அடுத்த மழை வருமான்னு கேட்டா, எங்களுக்கு உறுதியா தெரியாது. வர்றதுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்."

சதவீதத்தின் காதில் இது விழுந்ததும் தாளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "எங்களுக்குத் தெரியாதுன்னு அரசாங்க அலுவலகம் சொல்லலாமாம்மா?"

"தெரியாததைத் தெரியாதுன்னுதானே சார் சொன்னேன். நூத்துக்கு அறுபதுன்னா மீதி நாப்பது என்ன சார்?"

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "அந்த நாப்பதை நான் எப்பவும் எழுதினதே இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார். மறுநாள் முதல் அதையும் எழுத ஆரம்பித்தார்.

மெல்ல மெல்ல ஜனங்கள் முழு நிமிடமும் கேட்கத் தொடங்கினார்கள். அந்தம்மா நம்ம கூடவே பேசற மாதிரி இருக்கு என்றார்கள். மழையக்கா என்ற பெயர் வந்தது அப்போதுதான். மற்ற வட்டாரத்து அலுவலகங்களிலிருந்து ஆட்கள் வந்து, விவசாயிகளிடம் எப்படிப் பேசுவது என்று அவளிடம் பயிற்சி கேட்டார்கள். "ஒருத்தரை நினைச்சுக்கிட்டுப் பேசுங்க" என்றாள். யாரை என்று அவர்கள் கேட்கவில்லை. நல்லவேளை.

விதைப்புக்கு முன்னால் ஒரு கூட்டம் போட்டார்கள். பல ஊர்களிலிருந்தும் விவசாயிகள் வந்திருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், வெள்ளைத் திரை, சதவீதத்தின் ஏறி இறங்கும் கோடுகள். பின்வரிசைகளில் தலைகள் கவிழ ஆரம்பித்திருந்தன. அவளை மேடையில் உட்கார்த்தியிருந்தார்கள், முகத்தைக் காட்டுவதற்காக. கூட்டத்தை மேய்ந்துகொண்டிருந்த அவள் கண் ஓரிடத்தில் நின்றது. கடைசிக்கு முந்தின வரிசை, சுவரோரம். மடித்த துண்டு தோளில். இளைத்திருந்தான். அவன் ஊர்க்காரர்கள் வேறு யாரையும் காணோம். தனியாக வந்திருந்தான்.

கேள்வி நேரம் வந்ததும் எழுந்தது அவன்தான்.

"ஒரு சந்தேகம் மேடம்."

மேடம். ஒலிவாங்கியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"முதல் மழையை நம்பாதீங்கன்னு தினமும் சொல்றீங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். சரி, காத்திருக்கோம். ரெண்டாவது மழை வராமலே போயிட்டா? ஈரமும் போச்சு, பருவமும் போச்சு. அதுக்கு என்ன சொல்றீங்க?"

தினமும் கேட்கிறான்! அவளுக்கு ஒரு கணம் கேள்வியே மறந்து போனது. அவனை வாழ்நாளில் நீங்க என்று அவள் சொன்னதில்லை. இப்போது சொல்லியாக வேண்டும்.

"நீங்க கேட்கிறது நியாயம்தாங்க ஐயா. வரும்னு அடிச்சுச் சொல்ல என்னால முடியாது. ஒரு தடவை ஒருத்தருக்கு அப்படிச் சொன்னேன். அது தாள்ல இருந்த விஷயம் இல்லீங்க. என்னோட ஆசை."

சதவீதம் கோடுகளைக் காட்டும் குச்சியைக் கீழே இறக்கினார்.

"ஆசையில சொல்றது ஒண்ணும் பெரிய தப்பில்லீங்களே" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு. "கேட்டவனுக்கும் அந்த ஆசை இருந்திருக்கும். அதை விடுங்க. இப்ப என்ன செய்யறது, அதைச் சொல்லுங்க."

"நிலத்தை ரெண்டா பிரிச்சுக்கோங்க. பாதி முதல் மழைக்கு, பாதி ரெண்டாவதுக்கு. ஒண்ணு கைவிட்டாலும் ஒண்ணு நிக்கும்."

"பாதி போனாலும் போகும்னு தெரிஞ்சே விதைக்கணும்."

"ஆமாங்க."

"கஷ்டம் மேடம்."

"கஷ்டம்தாங்க ஐயா."

அவன் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தான். கூட்டம் முடிந்து, சுற்றிக்கொண்டவர்களை விலக்கி அவள் வெளியே ஓடி வந்தபோது, அவன் ஏறிய பேருந்து வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. அன்று வீட்டுக்குப் போய் அந்தப் பேச்சை ஆரம்பத்திலிருந்து கணவனிடம் சொன்னாள். சாப்பிட்டு முடித்ததும் மறுபடி ஒருமுறை சொன்னாள். அவன் முதல் தடவை கேட்பது மாதிரியே கேட்டான்.

அந்த வருஷம் அண்ணன் முதல் மழைக்குப் போட்ட பாதி கருகியது. இரண்டாவதற்குப் போட்டது நின்றது. அண்ணிதான் கூப்பிட்டுச் சொன்னாள்: "மொத்தமா போட்டிருந்தா மறுபடியும் தலையில துண்டுதான். பக்கத்து நிலக்காரங்க வந்து என்ன பண்ணினீங்கன்னு கேக்குறாங்க. இவரு, 'உங்க போன்ல தினமும் சொல்லுதே, காது இல்லையா'ன்னு அவங்க மேல எரிஞ்சு விழறாரு."

"என்கிட்ட பேசச் சொல்லேன் அண்ணி."

"காட்டுல இருக்காரும்மா" என்றாள் அண்ணி.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும். ஆகவில்லை. அவன் கைப்பேசியில் கூப்பிடவே இல்லை. அவள் வீட்டுக்கும் வரவில்லை. ஆனால் அலுவலகத்தில் கூட்டம் என்றால் தவறாமல் வந்தான். சுவரோரம் உட்கார்வான், எழுந்து ஒரு கேள்வி கேட்பான், பதிலை வாங்கிக்கொண்டு பேருந்துக்குப் போய்விடுவான். அவளும் கூட்டம் இருக்கும் நாளில் இருப்பதில் நல்ல உடையாகப் பார்த்து எடுத்து வைப்பாள். பின்னாலேயே ஓடுவதை விட்டுவிட்டாள். ஓடினால் அடுத்த தடவை வராமல் போய்விடுவானோ என்று பயம்.

போன கூட்டத்தில் கேள்வி நேரம் சீக்கிரமே தீர்ந்துபோனது. வெக்கை தாங்காமல் ஜனங்கள் எழப் பார்த்தார்கள். சதவீதம் நன்றி சொல்ல வாயெடுத்தபோது அவன் எழுந்தான். எழுந்தவனுக்குக் கேட்க ஒன்றுமில்லை என்பது அவளுக்கு உடனே தெரிந்தது. துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினான்.

"மேடம், இந்தக் கடலை விதையை எத்தனை விரல் ஆழத்துல போடணும்?"

முன்வரிசையில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். "பெருசு, இது சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியுமே! உங்க ஊர்ல கடலையை மரத்துலயா காய்க்க வைக்கிறீங்க?" கூடம் முழுக்கச் சிரிப்பு பரவியது. அவன் உட்காரவில்லை. காதெல்லாம் சிவந்து, அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் ஒலிவாங்கியை வாய்க்கு நெருக்கமாகக் கொண்டுவந்தாள்.

"நல்ல கேள்விங்க ஐயா. அது மண்ணைப் பொறுத்தது" என்று தொடங்கினாள். மணற்பாங்கான மண்ணாக இருந்தால் எவ்வளவு, இறுகிய மண்ணாக இருந்தால் எவ்வளவு, ஈரம் குறைந்திருந்தால் எவ்வளவு என்று, ஒன்று விடாமல், அவசரப்படாமல் சொல்லிக்கொண்டே போனாள். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டு நின்றான்.