மெல்பேர்னுக்குச் சம்பந்தம் விசாரிக்கப் போனது

எனக்கு வயது எழுபத்தொன்பது. வளர்த்தது ஏழு பிள்ளைகள். ஐந்து நான் பெற்றவை, இரண்டு என் தங்கச்சி விட்டுப் போனவை. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆனாலும் எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணமும் நான் விசாரிக்காமல் நடந்ததில்லை.

பேத்தி துளசி, மெல்பேர்னில் வேலை பார்க்கும் மார்கஸ் என்ற அமெரிக்கப் பையனைக் கட்டப் போகிறேன் என்றாள். மகன் ஒரு கிழமை பேசவில்லை. பிறகு, "அம்மா போய்ப் பார்க்கட்டும். அவ ஓம் எண்டால் ஓம்" என்றான்.

புதன்கிழமை விடிய ஐந்தரைக்குச் சிட்னியில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் குவேக்கர்ஸ் ஹில் ஸ்டேசனில் துளசியோடு ஏறினேன். சென்ட்ரலில் இருந்து மெல்பேர்ன் ரயில் ஏழு நாற்பதுக்கு. தூரம் தொள்ளாயிரத்து ஐம்பது கிலோமீற்றர் அளவில். ரயிலில் தேத்தண்ணி நாலு டொலர், நிறம் மட்டும்தான். நான் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டிக்கொண்டு போனேன்.

கோல்பேர்ன் தாண்ட, எதிர்க் கதிரையில் இருந்தவர் கதை கொடுத்தார். சிட்னியிலேயே கிரவீன் பக்கத்துத் தமிழர், அல்பரியில் மகள் வீட்டுக்குப் போகிறார்.

"அன்ரி, ஊரில எவடம்?"

"சுழிபுரம்."

"சுழிபுரத்தில எவடம்?"

"கோயிலுக்குக் கிழக்கால."

"ஆற்றை பகுதி, ஆரின்ர ஆக்கள்?"

என்னைப் பெற்ற அப்புவின் பெயரைச் சொன்னேன். மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்று கேள்வியில் ஒருவரை எங்கே வைப்பது என்று எங்கள் ஆட்களுக்குத் தெரிந்துவிடும். அந்த மூன்றையும்தான் நானும் கொண்டு போனேன்.

துளசி காதுக்குள் சொன்னாள்: "அப்பம்மா, ப்ளீஸ், அங்க உந்தக் கேள்வியளைக் கேட்டிடாதேங்கோ."

"கேட்கத்தானே போறன்."

வழி முழுக்கப் புல்லும் செம்மறியும். ஜூனி ஸ்டேசன் வரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தவள், பிறகு தானாகவே அமெரிக்கக் கதை சொன்னாள். முந்தி இங்கிலாந்துக்காரர் தங்கள் கைதிகளை அங்கேதான் அனுப்பினார்களாம். அங்கே குடியேறியவர்கள் ராசாவோடு சண்டை பிடித்துப் பிரிந்த பிறகுதான் சிட்னிக்கு அனுப்பத் தொடங்கினார்களாம்.

"அப்ப சிட்னி அமெரிக்காவின்ர மிச்சச் சோறு எண்டு சொல்லு."

சிரித்துவிட்டாள்.

அல்பரியில் கிரவீன்காரர் இறங்கினார். மறே ஆற்றைக் கடந்தோம். இரண்டு மாநிலத்துக்கு எல்லை என்கிறார்கள். எனக்குப் பெரிய வாய்க்கால் மாதிரித்தான் இருந்தது. பின்னேரம் ஆறரைக்கு மெல்பேர்ன். மார்கஸ் வந்து பையை வாங்கினான். நெடுவல், என் மூத்தவனைவிடக் கறுப்பு. "வணக்கம் அப்பம்மா" என்றான். துளசி பழக்கிவிட்டிருக்கிறாள்.

வீடு ஃபுட்ஸ்க்ரேயில். தாய் டெனீஸ் நேர்ஸ். சோறும், இறால் போட்ட வெண்டிக்காய்க் குழம்பும் வைத்தாள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கேட்டேன்: "ஊரில எவடம்?"

துளசி சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இங்கிலீசில் சொன்னாள்.

"வெர்ஜீனியா" என்றாள் டெனீஸ்.

"அதுக்கு முந்தி?"

டெனீஸ் தன் கதிரையை என் பக்கம் இழுத்தாள். பிறகு பேசினாள். துளசி ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள்:

"தெரியாதாம் அப்பம்மா. அமெரிக்கா எண்டு ஒரு நாடு வர முந்தியே, புகையிலைத் தோட்டத்துக்கு எண்டு ஆபிரிக்காவில இருந்து கப்பலில கட்டிக் கொண்டந்தவையாம். ஊர்ப் பேரும் போச்சு, ஆள்ப் பேரும் போச்சு. வாங்கினவன் தன்ர பேரை வைச்சானாம். எல்லாரும் சமம் எண்டு எழுதி நாடு எடுத்தாப் பிறகும் இவையை வித்தவங்களாம். இந்த வெண்டிக்காய்தான் ஊரில இருந்து கூட வந்ததாம்."

புகையிலைத் தோட்டம் எனக்குத் தெரியும். கன்று நட்டு, தண்ணீர் இறைத்து, இலையின் பிசின் கறுத்துப்போன கை என்னுடையது. ஆனால் பொழுதுபட நான் என் வீட்டுக்குப் போனேன்.

மற்ற இரண்டு கேள்வியும் வாய்க்குள் நின்றன. அதற்குள் டெனீஸ் கேட்டாள், நீங்கள் எவடம் என்று. சுழிபுரம் என்று நான் வாயெடுக்க முந்தி துளசி, "குவேக்கர்ஸ் ஹில்" என்றாள்.

டெனீஸ் கரண்டியை வைத்துவிட்டாள். குவேக்கர்கள் என்பவர்கள் அடிமை வைப்பது பாவம் என்று சொன்ன கிறிஸ்தவ வேதக்காரர்களாம். அடிமைகளுக்காக அமெரிக்காவில் உள்நாட்டுச் சண்டை மூளுவதற்குக் கொஞ்சம் முந்தி, டெனீஸின் பாட்டியின் பாட்டி வயிற்றில் பிள்ளையோடு வடக்கே ஓடி, ஒரு குவேக்கர் வீட்டுக் கதவைத் தட்டினாளாம். குசினி அடுப்புக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்களாம்.

"வாசல்ல நிண்டவளிட்ட ஆர், எவடம், ஆற்றை ஆள் எண்டு அந்த மனுசி கேக்கேல்லையாம்" என்றாள் துளசி. "தெரிஞ்சு வைச்சால், தேடி வாறவனிட்டப் பொய் சொல்லோணும், அதுவும் அவைக்குப் பாவம். 'சாப்பிட்டியா' எண்டு மட்டும்தான் கேட்டவவாம்."

எங்கள் இடத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று என் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அவ்வளவு காலம் இருந்தும் நானும் கேட்டதில்லை.

கோப்பையை நீட்டினேன். "இன்னும் கொஞ்சம் வெண்டிக்காய் போடச் சொல்லு" என்றேன். துளசியின் கண் கலங்கிவிட்டது. அதை இங்கிலீசில் சொல்லத் தேவைப்படவில்லை. டெனீஸ் கரண்டியோடு எழும்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை திரும்பும்போது, ரயில் வெளிக்கிட முந்தியே மகன் போன் எடுத்தான்.

"என்ன மாதிரி அம்மா? ஆர் ஆக்களாம்?"

"சாப்பாடு போடுற ஆக்கள். ஆவணியில நாள் பார்."

"அது சரி, ஊர் எவடமாம்?"

"நாளைக்கு உன்ர பேரப்பிள்ளையள் சொல்லுவினம், குவேக்கர்ஸ் ஹில் எண்டு."

துளசி, இவ்வளவும் நான் என் கையால் எழுதினது. எழுத்துக் கோணல்தான், ஆனாலும் உனக்கு விளங்கும். இனி நீ வாசி. டெனீஸ் போனில் நிற்கிறா, அவவுக்கும் இங்கிலீசில் சொல்லிச் சொல்லி வாசி. நான் 'ஊரில எவடம்' என்று கேட்ட இடத்தை மட்டும் மழுப்பிவிடாதே, பிள்ளை.