டீச்சர் ஏன் ஓடினார்

வில்மாரை முதன்முதலாக ‘கோச்’ என்று கூப்பிட்டது சல்வா டீச்சர்தான். அதற்கு முன் இருபத்து நான்கு வருஷம் அவன் இலோய்லோ நகரத்து டென்னிஸ் மைதானங்களில் வெறும் வில்மார். உறுப்பினர்களோடு கூலிக்குப் பந்தடிக்கிறவன். டாக்டருக்கு வலதுபக்கம் பந்து வேண்டுமென்றால் வலதுபக்கம் போடுவான். வங்கி மானேஜர் இன்று ஜெயித்தே தீருவது என்று முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு வந்தால், மூன்றாவது செட்டில் இவன் கால்கள் தாமாகவே தளர்ந்துவிடும். ஒரு தடவை சுங்க அதிகாரி ஒருவரிடம், “மணிக்கட்ட இறுக்கிப் பிடிங்க சார்” என்று சொல்லப்போய், “நீ பந்தைப் போடு, போதும்” என்று வாங்கிக் கட்டிக்கொண்டான். அதன் பிறகு மைதானத்தில் அவன் வாயைத் திறந்தது ஒரே ஒரு விஷயத்துக்கு. ஆடுகிறவர் தலைக்கு மேலே பந்து போனால், “பின்னால, சார், பின்னால” என்பான். அது யோசனை அல்ல, தகவல். அதற்கு யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

பிறகு பிக்கிள்பால் வந்தது, கட்டை மட்டையும் ஓட்டைப் பந்துமாக ஆடும் குட்டி டென்னிஸ். இரண்டு மழைக்காலத்துக்குள் ஊரில் இருந்த டென்னிஸ் தரைகள் எல்லாம் பச்சையும் நீலமும் பூசிக்கொண்டன. ஒரு டென்னிஸ் தரையில் நாலு பிக்கிள்பால் தரை. காலை ஆறு மணிக்கே ஓட்டைப் பந்தின் ‘டொக், டொக்’ சத்தம், தகரக் கூரையில் யாரோ ஓயாமல் ஆணியடிப்பது மாதிரி. வில்மாரோடு பந்தடித்த ஒருவன் டிரைசைக்கிள் ஓட்டப் போனான். இன்னொருவன் பஸ் நிலையத்தில் கோழி சுட்டு விற்கிறான். நாற்பத்து மூன்று வயதில், தோள்பட்டை தேய்ந்துபோய், கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும் மகளை வைத்துக்கொண்டு, வில்மார் மட்டும் போக இடமில்லாமல் நின்றான்.

ஊரின் ஹாரோ பகுதியில் கூரை போட்ட மைதானத்தின் சொந்தக்காரர் மோன்சாலே வக்கீல். அவர்தான் வழி சொன்னார்.

“ரெண்டு நாள் வகுப்பு நடத்தறாங்க. போய் சான்றிதழ் வாங்கிட்டு வா. ஒரு மாசம் பார்ப்போம். கூட்டம் சேர்ந்துச்சுன்னா ஒண்ணாந்தேதி வாசல்ல உன் பேரப் போட்டு பேனர் கட்டிடறேன்.”

“டென்னிஸ் ஆளு சொல்லிக்குடுத்தா வருவாங்களா, வக்கீலய்யா?”

“வாரத்துக்கு நாலு பேருக்கு வாய்தா வாங்கறவன் நான். நாலு கிழவிங்கள எனக்குச் சேர்க்கத் தெரியாதா?”

வில்மார் வகுப்புக்குப் போனான். சின்னப் பிள்ளை மாதிரி நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டான். அதில் ஒரு பக்கத்தைச் சுற்றிக் கட்டம் கட்டியிருந்தான்: தலைக்கு மேல் போகும் பந்துக்கு யாரையும் பின்னோக்கிப் போகச் சொல்லக்கூடாது. திரும்பி ஓடலாம், அல்லது விட்டுவிடலாம். இந்த ஆட்டத்தை ஆடுகிறவர்களில் பாதிப் பேர் அறுபது தாண்டியவர்கள். வலையைப் பார்த்தபடியே பின்னால் நடந்தால் குதிகால் தட்டும். விழுந்தால் மண்டைதான் முதலில் தரையைத் தொடும்.

வக்கீல் சேர்த்த நாலு பேரும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தார்கள். மணிக்கு நானூறு பெசோ, நாலு பேருக்கும் சேர்த்து. மருந்துக்கடை வைத்திருக்கும் பெபாங் அக்கா, அவர் நாத்தனார்கள் இருவர், கூடவே நாலாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்து ஓய்வுபெற்ற சல்வா டீச்சர். டீச்சருக்கு அறுபத்தெட்டு வயது. வெள்ளைத் தொப்பி, இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் விசில்போலத் தொங்கும் மூக்குக்கண்ணாடி.

வலையை ஒட்டியிருக்கும் ஏழடிப் பட்டைக்குக் கிச்சன் என்று பேர், அதற்குள் நின்று பந்தை அந்தரத்தில் அடிக்கக்கூடாது என்று வில்மார் சொன்னான்.

“நாப்பது வருஷமா கிச்சன விட்டு வெளிய வராதேன்னான் என் புருஷன். காசு குடுத்து வந்தா நீ உள்ள போகாதேங்கற. நல்ல பொழப்பு” என்றார் பெபாங் அக்கா.

சல்வா டீச்சர் சிரிக்கவில்லை. “முழங்கால எவ்வளவு மடக்கணும், கோச்?” என்று கேட்டார்.

அவனுக்குக் காது சுட்டது. “வில்மார்னே கூப்பிடுங்க டீச்சர். உங்க வகுப்புல பெஞ்சுல உக்காந்திருக்க வேண்டிய வயசு எனக்கு.”

“வகுப்புல யாரு நின்னு பேசறாங்களோ அவங்கதான் வாத்தியாரு. வெளிய வா, தம்பின்னு கூப்பிடறேன்.”

டீச்சர் அப்படித்தான். மடக்கு என்றால் மடக்கி, “மடக்கியாச்சு” என்பார். மட்டையை மார்புக்கு நேரே பிடி என்றால் தண்ணீர் குடிக்கும்போதும் மார்புக்கு நேரே பிடித்திருப்பார். வீட்டுச் சுவரில் தினமும் நூறு தடவை அடித்துப் பழகுங்கள் என்றான்; வியாழக்கிழமை, “நேத்து தொண்ணூத்தி ரெண்டுதான் முடிஞ்சுது, மழை” என்று வந்து நின்றார். சந்தேகம் கேட்பார், ஆனால் சொன்னதைச் செய்துவிட்டுத்தான் கேட்பார்.

“சொன்னா அப்படியே செய்யறாங்க, ஆர்லின்” என்று வில்மார் வீட்டில் மனைவியிடம் சொன்னான். ஒரு வாரமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

“எனக்கும் மணிக்கு நானூறு குடு. நானும் செய்யறேன்” என்றாள் அவள், மீனைத் திருப்பிப் போட்டபடி.

மூன்றாவது வாரம் பத்துப் பேர் ஆகிவிட்டார்கள். காத்திருப்பவர்கள் மட்டைகளை வேலியோரம் சட்டத்தில் வரிசையாகச் செருகிவைப்பார்கள். மட்டை வரிசைப்படி ஆட இறங்குவார்கள். ஹாரோ மைதானத்தில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. பெரியவர்கள் ஆடும்போது பந்து யார் தலைக்கு மேலேயாவது போனால், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்றில்லாமல் எல்லோரும் “விடு, விடு” என்று குரல் கொடுப்பார்கள். புள்ளி போகும். யாரும் நகரமாட்டார்கள். தூக்கிப் போட்டவர் கையைக் கூப்பி மன்னிப்புக் கேட்பார். அதை ஆட்டத்தில் ஒரு பகுதியாகவே வைத்திருந்தார்கள். வில்மாரும் முதல் நாளே டீச்சருக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருந்தான். “போனா போகட்டும். போயாச்சு” என்று டீச்சர் ஒப்பித்தும் காட்டியிருந்தார்.

அந்த வியாழக்கிழமை ஆட்டத்தில் புள்ளி பத்துக்குப் பத்து. டீச்சர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஜெயிக்கப் போகிற ஆட்டம். வில்மார் அவருக்குப் பின்னால், கோட்டுக்கு வெளியே நின்றிருந்தான். எதிர்ப்பக்கத்திலிருந்து பெபாங் அக்காவின் மட்டை ஓரத்தில் பட்ட பந்து, அடித்தவருக்கே தெரியாமல், மேலே எழும்பியது. கூரைத் தகரத்துக்குக் கீழே ஒரு கணம் தயங்கி நின்றது. டீச்சருடைய தலையைத் தாண்டித்தான் விழும். “விடு” என்றார்கள். பந்து கோட்டுக்கு உள்ளே விழும் என்பது வில்மாருக்கு மட்டும் தெரிந்தது. இருபத்து நான்கு வருஷம் அந்தரத்தில் பந்தை அளந்த கண். கண் பார்த்ததும் வாய் திறந்துவிட்டது.

“பின்னால, டீச்சர், பின்னால.”

டீச்சர் போனார். வலையைப் பார்த்தபடியே, மட்டையை மார்புக்கு நேரே பிடித்தபடியே, சின்னச் சின்ன அடியாக நாலு அடி. ஐந்தாவதில் குதிகால் தட்டியது. அவன் கை நீட்டினான். சட்டை நுனிதான் விரலில் பட்டது. தேங்காய் விழுந்த மாதிரி ஒரு சத்தம்.

உடனே எழுந்து உட்கார்ந்துவிட்டார். ரத்தம் இல்லை. தொப்பியைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு, “பந்து உள்ளயா வெளியவா?” என்று கேட்டார்.

“உள்ள, டீச்சர்.”

“அப்ப நீ சொன்னது சரிதான். நான்தான் மெதுவாப் போயிட்டேன்.”

இதயத்துக்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்று அங்கே யாருக்கும் தெரியாது. அதை அவன் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். அதுவும் நோட்டில் இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தவர் மாலை காபிக்கு எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நாலு நாள். திங்கட்கிழமை விடியும்போது போய்விட்டார்.

வக்கீல் அன்று மத்தியானமே வந்தார். மைதானத்து பெஞ்சில் வில்மாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“யாரும் கேஸ் போடப்போறதில்ல. அந்த மாதிரிக் குடும்பம் இல்ல அது. ஆனா கேப்பாங்க. கேட்டா, ஆட்ட வேகத்துல அவங்களே ஓடிட்டாங்கன்னு சொல்லு. பெபாங்கும் அப்படித்தான் சொல்லியிருக்கா.”

“நான் சொல்லித்தான் ஓடினாங்க, வக்கீலய்யா.”

“யாரு கேட்டா? எல்லாருக்கும் அவங்கவங்க ‘விடு’ன்னு கத்தினதுதான் ஞாபகம் இருக்கு.” அவர் எழுந்தார். “பாரு, கொல்ற கோச்சுன்னு ஒரு பேரு வந்துச்சுன்னா இந்த ஊர்ல உனக்கு அடுத்த மைதானம் கிடையாது. எனக்கும் கூட்டம் வராது. ஒண்ணாந்தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கு.”

ஆர்லின் அதையே வேறு மாதிரிச் சொன்னாள். அவனுடைய ஒரே காலர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள். “கும்பிட்டுட்டு, காபி குடிச்சிட்டு வந்துடு. செத்தவங்க திரும்பி வரப்போறதில்ல. நீ உண்மையச் சொல்லி யாருக்கு என்ன கிடைக்கப்போகுது?”

புதன்கிழமை மூன்று மணிக்கு டீச்சர் வீட்டுக்குப் போனான். முன்னறையில் சவப்பெட்டி, அடக்கம்வரை அங்கேதான். கண்ணாடிக்குக் கீழே டீச்சர், அதே இஸ்திரி மடிப்போடு. வாசல் பந்தலில், துக்க வீட்டு வழக்கப்படி, சீட்டாட்டம் நடந்துகொண்டிருந்தது. பெபாங் அக்காவும் நாத்தனார்களும் பிஸ்கட் தட்டை எடுத்துக்கொண்டு சுற்றி வந்தார்கள். வக்கீல் பெட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தார். அவருக்கு எதிரில் டீச்சரின் கணவர் இலுமினாதோ. முப்பத்தைந்து வருஷம் சரக்குக் கப்பலில் எஞ்சினோடு இருந்து, தலைமை எஞ்சினியராக இறங்கினவர். தெருவே அவரை ‘சீஃப்’ என்றுதான் கூப்பிடும். மூன்று நாளாக வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் அவர் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நீதான் கோச்சா?” என்று வில்மாரை முதலில் விசாரித்தார்.

“ஆமாங்க. வில்மார்.”

“உக்காரு. நீயாவது சொல்லு. பால் வாங்கப் போனாக்கூட ரெண்டு தரம் ரோட்டப் பார்த்துட்டுக் கடக்கறவ. இந்த வீட்டு மாடிப்படில கைப்பிடிய விட்டதில்ல. அவ ஏன் ஓடினா?”

“ஆட்டத்துச் சூடு, சீஃப்” என்றார் வக்கீல். “ஜெயிக்கப்போற நேரம்...”

“நாங்க எல்லாரும் விடுங்கன்னுதான் கத்தினோம், சீஃப்” என்றார் பெபாங் அக்கா.

சீஃப் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. “எஞ்சின் தானா நின்னுச்சுன்னு எந்தக் கப்பல்லயும் நான் எழுதினதில்ல. எழுதவும் முடியாது. ஏதோ ஒண்ணு இருக்கும். அது என்னன்னு தெரியணும், அவ்வளவுதான். தெரியாம என்னால படுக்க முடியல.”

வில்மார் கையிலிருந்த காபியைக் கீழே வைத்தான். வைக்க இடம் தேடவே சிறிது நேரமாயிற்று.

“நான் சொன்னேங்க.”

“என்ன சொன்ன?”

“பின்னால போங்கன்னு. அப்படிச் சொல்லக்கூடாது. போகக்கூடாதுன்னு நானேதான் அவங்களுக்குச் சொல்லிக்குடுத்தேன். அன்னிக்கு நானே போகச் சொல்லிட்டேன்.”

பந்தலில் யாரோ சீட்டைக் கலைத்துப் போடும் சத்தம் கேட்டது. வக்கீல் கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

“நீ சொன்னதுக்காகவா ஓடினா?” சீஃபின் குரல் மாறவில்லை. கோபமா இல்லையா என்று தெரியவில்லை. அந்த ஊர்ப் பேச்சில் அது தெரியாது. சண்டைகூடத் தூளியாட்டுகிற மாதிரித்தான் இருக்கும்.

“ஆமாங்க.”

“நாப்பத்தி மூணு வருஷம்” என்றார் சீஃப். “நான் சொன்னா ஒண்ணு கேக்கமாட்டா. வருஷத்துக்கு ரெண்டு மாசம் வந்து போறவன் பேச்ச எவ கேப்பா. அந்த மாத்திரையச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடுன்னா முன்னாடிதான் போடுவா. உன்ன எத்தன நாளாத் தெரியும் அவளுக்கு?”

“மூணு வாரம்.”

“மூணு வாரம்.” பெட்டிக் கண்ணாடியில் மெழுகுவத்தி ஒன்று சொட்டியிருந்ததை அவர் நகத்தால் சுரண்டினார். “கேக்கறவளா இருக்காளேன்னு பார்த்தாவது, நீ யோசிச்சுச் சொல்லியிருக்கலாம்.”

சீஃப் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று எல்லோரும் நினைத்தபோது, கண்ணைத் திறக்காமல், “அடக்கத்துக்கு வராதே” என்றார். “காபியக் குடிச்சிட்டுப் போ.”

குடித்தான். ஆறிப்போயிருந்தது.

துக்க வீட்டார் யாரையும் வாசல்வரை வந்து வழியனுப்பமாட்டார்கள். வக்கீல்தான் வாசல் கேட்வரை கூட வந்தார். திட்டவில்லை. “மைதானத்துச் சாவிய நாளைக்குக் காவல்காரன்கிட்டக் குடுத்துடு” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பெபாங் அக்கா பின்னாலேயே வந்தார். கண் சிவந்திருந்தது. “முட்டாளா நீ? நாங்க நாலு பேரு உனக்காகப் பொய் சொல்லிட்டு நிக்கிறோம்.” பிறகு, மைதானத்தில் ஆட்டம் முடிந்ததும் கூப்பிடுகிற அதே குரலில், “வா, பேக்கரியில நின்னுட்டுப் போலாம்” என்றார்.

துக்க வீட்டிலிருந்து யாரும் நேரே வீட்டுக்குப் போவதில்லை. பேக்கரியிலோ, பெட்ரோல் பங்கிலோ, ஏதாவது ஒரு கடையிலோ நின்று ஒரு வாய் தண்ணீராவது குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் செத்தவர் கூடவே வந்துவிடுவார்.

“நீங்க போங்க அக்கா” என்றான் வில்மார்.

ஜீப்னி வண்டியில் ஏறினான். பேக்கரி வந்தது, போனது. பச்சையும் நீலமும் பூசிய ஒரு மைதானம் வந்தது. உள்ளே யாரோ சிரித்தார்கள். யாரோ “விடு” என்றார்கள். அவன் இறங்கவில்லை. வீட்டுத் தெருமுனையில் இறங்கி, முனைக்கடையில் நிற்காமல் நடந்தான்.

ஆர்லின் கதவைப் பாதி திறந்து, வழியை மறித்துக்கொண்டு நின்றாள். அவன் முகத்தைப் பார்த்ததும் மற்றதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

“எங்க நின்னுட்டு வந்த?”

“எங்கயும் நிக்கல.”

அவள் அவன் தோளுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள். பிறகு, வேறு வழியில்லாமல், கதவை முழுவதும் திறந்துவிட்டாள்.