தோப்பு என்று சொன்னவர்

கடற்கரைச் சாலை ஓட்டலில், காடழிப்பைக் குறைப்பது பற்றிப் பல நாட்டுப் பேச்சுவார்த்தை. மைக் என் பொறுப்பு. கண்ணாடி அறைக்குள் ஆங்கிலத்தைப் பிரெஞ்சில் சொன்னவர், நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்த உள்ளூர் அம்மையார். சொல்லில் சந்தேகம் வந்தால் மோதிரத்தால் மேசையைத் தட்டுவார். என் ஹெட்போனில் கேட்கும்.

வெட்டிய காட்டுக்கு ஈடாக, வேகமாக வளரும் மரங்களை நட்டுப் புதுக் காடு உண்டாக்கினால் போதும் என்றார் ஒரு பணக்கார நாட்டுக்காரர். அம்மையார் அந்தப் புதுக் காட்டைப் பிரெஞ்சில் ‘பிளான்டேஷன்’, அதாவது ‘தோப்பு’ என்று சொன்னார். அதைப் பிரெஞ்சில் கேட்டுக்கொண்டிருந்த ஆப்பிரிக்கப் பிரதிநிதி, “தோப்புக்குச் சம்மதிக்க மாட்டோம்” என்று எழுந்துவிட்டார். கூட்டம் அப்படியே நின்றுபோனது.

கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்த அம்மையாரிடம் தணிந்த குரலில் கேட்டேன். “மேடம், அவரு காடுன்னுதானே சொன்னாரு?”

“சவுக்கு நட்டு வச்சா அத நம்ம ஊர்ல யாரு தம்பி காடுன்றாங்க?”

வாய்தவறி வந்த சொல்லா அது? தெரியவில்லை. அவர் அதைச் சொன்னபோது மோதிரச் சத்தம் மட்டும் கேட்கவில்லை.