சுண்ணாம்புக்கு அடங்காத யானை

செம்மண் குழம்பில் இரண்டு விரலை நனைத்து, வாசல் சுவரில் முதலில் முதுகு. ஒரே இழுப்பு. வளைவு சரியாக விழவில்லையென்றால் புறங்கையால் அழித்துவிட்டு, தன் ஊர்ப் பாஷையில் அதைத் திட்டுவாள் சுக்வாரி. திட்டு நமக்குப் புரியாது. மிருகத்துக்குப் புரியும் போலிருக்கிறது. அடுத்த முறை ஒழுங்காக வளைகிறது.

விழுப்புரம் ரயில்வே லைன் வீடுகளில் கடைசி வீடு அவளுடையது. வடக்கே மண்டலா காட்டில் தண்டவாளக் கட்டை அறுக்கப் போன சவுரிராயன், கட்டைகளோடு ஒரு கோண்டு ஆதிவாசிப் பெண்ணையும் ரயிலேற்றிக்கொண்டு வந்துவிட்டான் என்று லைனில் சொல்வார்கள். வந்தவள் தமிழை முழுசாகக் கற்றுக்கொண்டாள், மரியாதையை மட்டும் விட்டுவிட்டாள். ஓவர்சியரும் சரி, ஆடும் சரி, அவளுக்கு "வா, போ"தான்.

சுவரில் அவள் போட்ட மிருகம் உடம்பில் யானை, வாலில் மீன்; முதுகில் இரண்டு றெக்கை வேறு.

"எங்கூர்ல ஆத்துல நீந்திக்கினு இருக்கும். இங்க பெண்ணையாத்துல ஏது தண்ணி? அதான் றெக்கைய பெருசா வச்சேன்."

"யக்கா, இது முட்டை போடுமா, குட்டி போடுமா?" என்று நாலு வீடு தள்ளியிருக்கும் நான் கேட்டேன்.

"ஒண்ணு போட்டுச்சி. அதான் இங்க நின்னு கேள்வி கேக்குது."

போன மாதம் ஓவர்சியர் வந்து, சுவர் வெள்ளையாக இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். சவுரிராயன் சுண்ணாம்பு அடித்தான். காய்ந்ததும் செம்மண் ஊறி, யானை ரோஜா நிறத்தில் எட்டிப் பார்த்தது. மறுபடி அடித்தான், மறுபடி வந்தது. செம்மண் அப்படித்தான் கசியும். ஆனால் அடுத்த வீட்டுக் கெங்கம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"தானா வந்த சாமிடி இது."

மஞ்சள், குங்குமம், கற்பூரம், மல்லாட்டை உருண்டை எல்லாம் வந்தன. ஓவர்சியரும் வந்தார். செருப்பைக் கழற்றினார், கும்பிட்டார், வந்த வழியே போய்விட்டார். வீடு பிழைத்தது. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகும் சவுரிராயனுக்குத்தான் பேஜார்.

"கோயில்ல சாமியாரு கேட்டா என்னாடி சொல்றது?"

"யானைன்னு சொல்லு."

அவளுக்கு வேறு கவலை. கெங்கம்மாள் சுவருக்கு முன்னால் கயிறு கட்டிவிட்டாள். "நீ வேதக்காரன் பொண்டாட்டி, கிட்ட வராத. தள்ளி நின்னு கும்புட்டுக்கோ" என்று போட்டவளிடமே சொன்னாள். கற்பூரப் புகையில் றெக்கை நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டு வந்தது. சுக்வாரி கயிற்றுக்கு இந்தப் பக்கம் குந்திக்கொண்டு அதையே பார்த்திருப்பாள்.

"வேற ஒண்ணு போட்டுக்கயேன் யக்கா" என்றேன். கிண்டலாகச் சொல்லவில்லை.

"புள்ள அழுக்கா நின்னா, வேற புள்ள பெத்துக்கறதா?"

வெள்ளிக்கிழமை நல்ல கூட்டம். கெங்கம்மாள் கற்பூரத் தட்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள். சுக்வாரி எழுந்து, குனிந்து, கயிற்றுக்கு அடியில் நுழைந்தாள்.

"தொடாதடி, தெய்வக் குத்தம்" என்றாள் கெங்கம்மாள். தட்டு அந்தரத்தில் நின்றது.

சுக்வாரி திரும்பவில்லை. தாடையைப் பிடிக்கிறவள்போல் இடது கையை யானையின் முகத்தில் வைத்துக்கொண்டாள். முந்தானை முனையில் எச்சிலைத் தொட்டு, றெக்கையில் படிந்த கரியைத் துடைக்க ஆரம்பித்தாள்.