நீ போனியாம்மா?

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் லைனில் வேலை செய்கிறேன். பகலில் என் இரண்டரை வயது மகள் யாழினியைப் பக்கத்து வீட்டு நசீமா அக்காதான் பார்த்துக்கொள்கிறார்.

ஒருநாள் அவர் வீட்டுப் பாயை நனைத்துவிட்டாள். வேலை முடிந்து வந்த அசதியில், "இன்னொரு வாட்டி அக்கா வீட்ல ஒண்ணுக்குப் போனே, அடிதான்" என்றேன். அதற்குப்பின் பாய் நனையவில்லை. பழகிவிட்டாள் என்று நிம்மதியாக இருந்தேன்.

நான்காம் நாள் ஜுரம். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பகல்லாம் ஒரு வாட்டிகூட போவலம்மா. நீ வர்ற வரைக்கும் அடக்கிக்கினே இருக்குது. சமத்துன்னு நெனச்சேன்" என்றார் அக்கா.

சிறுநீரில் கிருமி என்றார் டாக்டர். மருந்து எழுதிக்கொண்டே, "வேலையில நீங்க எத்தனை தடவை போவீங்க?" என்று கேட்டார். என் இடத்தில் வேலை தேங்கிவிடும் என்று, தண்ணீர்கூடக் குடிக்காமல் சாயங்காலம்வரை அடக்குபவள் நான்.

இப்போது அவள் எங்கே நனைத்தாலும் பேசாமல் துடைத்துவிடுகிறேன். நான் வீட்டுக்குள் நுழைந்ததும், "நான் போனேன். நீ போனியாம்மா?" என்று கேட்கிறாள். அவளிடம் பொய் சொல்லக் கூடாதே என்று, சூப்பர்வைசர் முறைத்தாலும் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து போகிறேன்.