காரணம் தெரியாத பட்டியலில் என் அத்தான்

ரத்தம் எடுக்கப் போகிற காலை எனக்கு எரிச்சலான காலை. "வெறும் வயிறாத்தானே இருக்கீங்க?" என்று கேட்டால், "ஆமா, ஒண்ணும் திங்கலியே, ரெண்டு வடையும் காப்பியும் மட்டுந்தான்" என்பார்கள். சுரண்டையில் ஒரு கடைக்கார அண்ணாச்சி, வடை சின்னது என்று கையால் அளவும் காட்டினார். மேலகரத்தில் ஒரு அம்மா விடியற்காலையிலேயே குற்றாலத்துக்குப் போய் மெயினருவியில் ஒரு மணி நேரம் தலையைக் கொடுத்துவிட்டு ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தார். மூலிகைத் தண்ணீர் பட்டால் சர்க்கரை இறங்கிவிடுமாம். குளித்தால் பசிக்கும் அல்லவா, அதனால் நாலு பஜ்ஜியும் தின்றிருந்தார். நான் ஊசியை எடுத்த பையிலேயே திரும்ப வைத்துவிட்டு இன்னொரு நாள் வருகிறேன் என்று சொன்னேன்.

நான் ஒரு மருத்துவ ஆராய்ச்சித் திட்டத்தில் களப்பணியாளர். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு எல்லாம் யாருக்கு வருகின்றன, ஏன் வருகின்றன என்று கண்டுபிடிக்க, குலுக்கலில் விழுந்த குடும்பங்களை வருடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். ரத்தம் எடுக்க வேண்டும், இடுப்பை அளக்க வேண்டும், ஒரு தடித்த படிவத்தைக் கேட்டுக் கேட்டு நிரப்ப வேண்டும். சென்னையில் இருக்கும் பெரிய டாக்டரம்மா நான் அனுப்புவதை எல்லாம் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பார். ஜனங்கள் சொல்வது பொய்யாக இருந்தால் கம்ப்யூட்டர் மட்டும் எதைக் கண்டுபிடிக்கும்? இதை நான் மாதாமாதம் கூட்டத்தில் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

குலுக்கலில் என் அக்கா வீடும் விழுந்தது. எனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அக்காவும் அத்தானும் குத்துக்கல்வலசையில் புதிதாக வந்த தெரு ஒன்றில் வீடு கட்டியிருக்கிறார்கள். அத்தான் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கெல்லாம் நான் சொல்லிக்கொடுக்கலாம், அத்தானுக்கு யார் சொல்வது? ஸ்டேஷனுக்குப் பெரிய அதிகாரி வருகிறார் என்றால் சுவருக்கு வெள்ளை அடித்து, எழுதாமல் விட்ட பதிவேடுகளை எல்லாம் ஒரே மூச்சில் எழுதி முடிப்பார்களாம். முப்பது வருடம் அப்படியே பழகியவர், எங்கள் செக்கப்பையும் இன்ஸ்பெக்‌ஷன் என்றே எடுத்துக்கொண்டார். நான் வருகிற தேதி தெரிந்ததும் பாகற்காய், கொள்ளு, காலை நடை. நான் திரும்பிப் போன மறுநாள் எல்லாவற்றுக்கும் விடுமுறை.

ஏழு நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று தினம் எழுதிவைக்கச் சொல்லி ஒரு நோட்டுக் கொடுப்போம். அத்தான் அதை முத்து முத்தான கையெழுத்தில் நிரப்பியிருப்பார். காலை ஏழரை, இட்லி மூன்று, சட்னி குறைந்த அளவில். ஏழு நாளும் ஒரே மை, ஒரே சாய்வு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கேரள எல்லையில் இருக்கும் புளியறைக்குப் போய் லாரிக்காரர்களோடு உட்கார்ந்து பரோட்டா தின்பவர் அவர் என்பது எங்கள் சொந்தத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கேட்டால், "அது வீட்டுச் சாப்பாட்டுக் கணக்குல வராதுல்லா" என்பார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும்.

மூன்றாவது வருடம் அவருடைய ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். கிரியாட்டினின் ஏறியிருக்கிறது, சிறுநீரகம் பாதிக்கு மேல் கெட்டுவிட்டது என்றார். இப்படியே ஏறினால் டயாலிசிஸ்தான். அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மாவுக்கோ வேறு அதிசயம். "இவருக்கு சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, எந்த மாத்திரையும் இல்லை. உங்கள் படிவப்படி ஒரு கெட்ட பழக்கமும் இல்லை. காரணம் தெரியாத பட்டியலில் போட வேண்டியதுதான்" என்றார். அந்தப் பட்டியலுக்கு ஆள் கிடைத்தால் ஆராய்ச்சிக்காரர்களுக்கு எவ்வளவு உற்சாகம் என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

அடுத்த வாரமே ஒரு வேன் வந்தது. அக்கா வீட்டு போர் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தார்கள், தோட்டத்து மண்ணை அள்ளினார்கள், அரிசியைப் பொட்டலம் கட்டினார்கள். தெருவே பயந்து கேன் தண்ணீருக்கு மாறியது. ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒருவர் பிராய்லர் கோழி என்றார், ஒருவர் செல்போன் டவர் என்றார், போர் போட்ட இடம் சரியில்லை என்று மனையடி சாஸ்திரம் பார்க்கவும் ஒருவர் கிளம்பிவிட்டார். அத்தான் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, முக்கிய சாட்சியைப் போல வந்தவர்களுக்கெல்லாம் விவரம் சொன்னார். அக்கா மட்டும் அடுப்படியில் நின்று அழுதாள். "நீ அந்த ஆபீஸ்லதான இருக்க, அவியளக் காப்பாத்த வழி பாருட்டி" என்றாள். வழி தெரியாத ஆத்திரத்தில் அவளையே திட்டினேன். பரோட்டாவைத் தடுக்க உன்னால் முடிந்ததா என்று கேட்டேன்.

சீசன் தொடங்கி, சாரல் விழுந்தது. மதுரையிலிருந்து வந்த சொந்தக்காரர்களை அழைத்துக்கொண்டு எல்லோரும் பழைய குற்றாலம் போனோம். படியேறுவதற்கு முன்னால் டீக்கடையில் நின்றோம். அத்தான் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். ஒன்றைப் பிதுக்கி, டீயோடு விழுங்கினார். மறைக்கவும் இல்லை, திரும்பி நிற்கவும் இல்லை.

"அது என்ன அத்தான்?"

"முட்டிவலி மாத்திரை. இது இல்லாம இந்தப் படிய எப்படி ஏற?"

"எத்தனை நாளா?"

"ரிடையர் ஆனதுல இருந்து. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. மெடிக்கல்ல கேட்டா தருவான்."

தினம் இரண்டு வலி மாத்திரை, வருடக் கணக்கில். அது சிறுநீரகத்தை என்ன செய்யும் என்று எங்கள் பயிற்சியில் முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். டீக்கடை என்றும் பாராமல் கத்தினேன். "போர்த் தண்ணி, மண்ணு, அரிசின்னு அத்தனை பேர் வந்து அலையுதாங்க. இத மறைச்சிட்டு உக்காந்திருக்கீங்களே!"

அவருக்குக் கோபம் வரவில்லை. உண்மையிலேயே புரியாமல் என்னைப் பார்த்தார். "மறைச்சேனா? பரோட்டாவ மறைச்சேன், ஒத்துக்கிடுதேன். மாத்திரையப் பத்தி நீ எப்பட்டி கேட்ட? கேட்டிருந்தா சொல்லியிருப்பேம்லா."

நான் கேட்டிருந்தேன் என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். மறுநாள் ஆபீஸ் திறந்ததும் மூன்று வருடப் படிவங்களையும் எடுத்து மேசையில் போட்டேன். பதினோராம் பக்கம். மது உண்டா, புகையிலை உண்டா, சிறுநீர் எப்படிப் போகிறது, மூலம் உண்டா, வலி மாத்திரை வழக்கமாக எடுக்கிறீர்களா. மேலிருந்து கீழ்வரை இல்லை, இல்லை, இல்லை. மூன்று வருடமும் என் கையெழுத்து.

எனக்கு நினைவு வந்துவிட்டது. அத்தான் உள்ளே வந்தால் எழுந்து நிற்கிறவள் நான். அக்கா காப்பியோடு பக்கத்தில் நிற்கும்போது, அக்கா புருஷனைப் பார்த்துக் குடிப்பீர்களா, மூத்திரம் எப்படிப் போகிறது என்று எப்படிக் கேட்பது? நம்ம அத்தான்தானே, நமக்குத் தெரியாததா என்று அந்தப் பக்கத்தை வீட்டுக்குப் போய் நானே நிரப்பியிருக்கிறேன். ஊரெல்லாம் பொய் சொல்லுகிறது என்று கூட்டத்தில் கத்திக்கொண்டிருந்த அதே வருடங்களில்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். "இது ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் வருடமே தெரிந்திருந்தால் அன்றைக்கே நிறுத்தச் சொல்லியிருப்போம்" என்றார். மாத்திரையை உடனே நிறுத்தி, அத்தானைத் திருநெல்வேலிக்குச் சிறுநீரக டாக்டரிடம் அனுப்பச் சொன்னார். வேலை போகும் என்று நினைத்தேன். போகவில்லை. போயிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலமே புதுப் படிவத்தோடு அக்கா வீட்டுக்குப் போனேன். அக்காவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அத்தானுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். விதிப்படி ஒவ்வொரு கேள்வியையும் சத்தமாகப் படித்தேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தே பதில் சொன்னார். சிறுநீர் நுரைத்துப் போகிறதா என்ற கேள்விக்கு வந்தேன். சிறுநீரகம் கெடத் தொடங்கியதற்கு அது ஒரு அடையாளம்.

"நொரையாத்தான் போவுது" என்றார். "ரெண்டு வருசமாச்சு. உங்க அக்காட்ட சொன்னா அழுவா. டாக்டர் ஆளு நீ வருசா வருசம் வருத, நீயே கேப்பன்னு இருந்தேன்."